போர்ட்ஃபோலியோ தளத்தை மதிப்பிடுவது எப்படி: தொடக்கம் முதல் அறிக்கை வரை

வடிவமைப்பாளர் ஒருவரை வேலைக்கு எடுக்க, கோயில் விழா மலருக்கு ஆள் பிடிக்க, மாணவரின் தளத்துக்கு மதிப்பெண் போட என்று பலரும் போர்ட்ஃபோலியோ, அதாவது ஒருவர் தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் தளம், பார்க்க உட்காருகிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். திறந்த உடனே 'நல்லா இருக்கு' அல்லது 'சுமார்' என்று முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவுக்கு ஏற்ற காரணங்களைப் பிறகு தேடுகிறார்கள்.

இது தனிப்பட்ட பலவீனம் இல்லை. 1995-ல் ஹிட்டாச்சியின் வடிவமைப்பு மையத்தில் குரோசு, கஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் பணம் எடுக்கும் இயந்திரத்தின் திரையை 26 விதமாக வரைந்து 252 பேரிடம் காட்டினார்கள். அழகாகத் தெரிந்த திரைகளையே பயன்படுத்தச் சுலபமானவை என்றும் மக்கள் சொன்னார்கள். அழகு நம் கணக்கைச் சாய்த்துவிடுகிறது. ஆகவே அழகு பற்றிய தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிப்போடும் வரிசையில்தான் கீழே உள்ள படிகள் இருக்கின்றன. மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் விண்ணப்பதாரர் தளங்களைப் பார்ப்பதும், புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைப் பழக்கிவிடுவதும் என் வேலை. வரிசையை மாற்றினால் என்ன ஆகிறது என்று அங்கே தினமும் பார்க்கிறேன்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நடுத்தர விலையில் ஓர் ஆண்ட்ராய்டு போன், ஒரு லேப்டாப், மொபைல் டேட்டா, ஓர் அட்டவணை. இவ்வளவு போதும்.

போன் புத்தம் புதியதாக இருக்க வேண்டாம். ஆபீஸ் ஃபைபர் இணைப்பில், விலை உயர்ந்த போனில், எல்லாத் தளமும் வழுக்கிக்கொண்டு ஓடும். கூரேப்பீப் பஸ் நிலையத்தில் நின்றபடி ஒருவர் திறக்கும்போதுதான் தளத்தின் குணம் தெரியும். வைஃபையை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பிரௌசரில் பிரைவேட் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை பார்த்த தளத்தின் படங்கள் போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் முறை பொய்யான வேகத்தில் திறக்கும். வடிவமைப்பாளர்கள் வேலைகளை ஏற்றிவைக்கும் பெஹான்ஸ் போன்ற பொதுத் தளங்களில் நீங்கள் லாகின் செய்திருந்தால், வெளியாள் பார்ப்பது வேறு, உங்களுக்குத் தெரிவது வேறு.

அட்டவணையில் நான்கு பத்திகள்: எந்தப் பக்கம், என்ன செய்ய முயன்றேன், என்ன நடந்தது, ஸ்கிரீன்ஷாட் எண். ஐந்தாவதாக 'என் கருத்து' என்று ஒன்று சேர்க்கப் புதியவர்களுக்குக் கை அரிக்கும். வேண்டாம். அந்தப் பத்தி இருந்தால் மற்ற நான்கும் காலியாகவே கிடக்கும்.

பல தளங்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இன்னொரு ஏற்பாடும் தேவை. முதலில் பார்த்த தளம் அடுத்தடுத்தவற்றுக்கு அளவுகோலாகிவிடும். இரண்டு பேர் மதிப்பிடும்போது ஒருவர் மேலிருந்து கீழாகவும், மற்றவர் கீழிருந்து மேலாகவும் பட்டியலைப் பாருங்கள்.

2. யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

'பயன்படுத்த எளிதா?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு, எதற்கு என்று சேர்த்தால்தான் கேள்வியே பிறக்கும்.

எபேனில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவர் இருபது தளங்களை அடுத்தடுத்து திறந்து வைத்திருப்பார்; ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிஷம்தான் தருவார். ரொட்ரீக்ஸில் விருந்தினர் இல்லம் நடத்தும் அம்மாவுக்கு 'யூஎக்ஸ்' (பயன்படுத்துபவரின் அனுபவம்) என்றால் என்னவென்று தெரியாது. லோகோவும் கையேடும் வேண்டும், எவ்வளவு ஆகும், யாருக்கு வாட்ஸ்அப் செய்வது என்பதே அவர் கவலை. கல்லூரி ஆசிரியருக்கோ மாணவர் எப்படி யோசித்தார் என்பது தெரிய வேண்டும். மூவருக்கும் ஒரே தளம் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தளக்காரர் யாரைக் குறிவைத்திருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அட்டவணையின் தலையில் ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள். பாதி வழியில் ஆளை மாற்றாதீர்கள்.

அப்புறம் அந்த ஆளுக்கு மூன்று அல்லது நான்கு பணிகளை எழுதுங்கள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தளத்தின் மெனுவில் உள்ள சொற்களையே பணியிலும் எழுதிவிடுவார்கள். 'ப்ராஜெக்ட்ஸ் பக்கத்துக்குப் போய் மூன்றாவதைத் திறக்கவும்' என்று எழுதினால் அது வழி சொல்வது, சோதனை இல்லை. இப்படி எழுதுங்கள்:

'உணவகம் ஒன்றுக்கு இவர் செய்த வேலை இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள். அதில் இவருடைய பங்கு என்ன?'

'இவர் இப்போது வேலை எடுத்துக்கொள்கிறாரா? எப்படித் தொடர்புகொள்வீர்கள்?'

'உங்களுக்குப் பிடித்த ஒரு வேலையை உங்கள் கூட்டாளிக்கு அனுப்புங்கள்.'

மூன்றாவது பணியைத் தவற விடாதீர்கள். ஆள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒருவர் கையில் இருப்பதில்லை. லிங்க் கைமாறித்தான் போகும்.

3. மொபைலில் பத்து விநாடி

தளத்தை போனில் திறங்கள். முதல் திரை முழுதாக வந்ததும் பத்து விநாடி எண்ணுங்கள். ஸ்க்ரோல் செய்யாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்றே வரி எழுதுங்கள்: இவர் யார், என்ன வகை வேலை செய்கிறார், அடுத்து எங்கே தொடலாம்.

ஏன் கவிழ்க்க வேண்டும்? திரை கண்ணெதிரே இருந்தால், ஞாபகத்தில் பதியாததையும் பதிந்ததாக எழுதிவிடுவோம்.

இந்த இடத்தில் அடிக்கடி மாட்டுவது முகப்பு வாசகம். 'கனவுகளுக்கு உருவம் தருகிறேன்' என்று திரை அகலத்துக்கு எழுதியிருப்பார்கள். பேக்கேஜிங் செய்கிறாரா, ஆப் வடிவமைக்கிறாரா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாரா என்று ஒன்றும் புரியாது. 'மொரீசியஸில் இருந்து உணவு, பானப் பொருட்களுக்கு லேபிளும் பேக்கேஜிங்கும்' என்று ஒரு வரி இருந்தால் எல்லாம் முடிந்தது. இன்னொன்று, பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் பறந்து வந்து உட்காரும் முகப்பு அனிமேஷன். அது முடியும் வரை எதையும் தொட முடியாது என்றால், எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்போதும் அது ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறையும் ஓடினால் குற்றம் இரட்டிப்பு.

4. பணிகளை நீங்களே செய்து பாருங்கள்

இப்போது எழுதி வைத்த பணிகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். போனில் முதலில், லேப்டாப்பில் அடுத்து. லேப்டாப்பில் ஆரம்பித்தால் தளத்தின் அமைப்பு மனசில் பதிந்துவிடும். பிறகு போனில் தொலைந்துபோக மாட்டீர்கள். தொலைந்துபோவதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

போன் திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தொட்டது எங்கே, தயங்கியது எங்கே என்பது பிறகு ஞாபகம் இருக்காது.

நெருங்கிப் பார்க்க வேண்டியவை இவை. முதலாவது, வேலைகளின் சிறுபடங்கள். லேப்டாப்பில் மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தலைப்பு தெரியும்படி பலர் செய்கிறார்கள். போனில் மவுஸ் ஏது? பன்னிரண்டு சதுரங்கள் பெயரில்லாமல் நிற்கும். உணவக வேலை எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டியதுதான். நம் ஆள் இரண்டாவதோடு போய்விடுவார்.

இரண்டாவது, திரும்பும் வழி. பட்டியலில் ஒன்பதாவது வேலையைத் திறந்து படித்துவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்துங்கள். ஒன்பதாவது இருந்த இடத்திலேயே வந்து நிற்கிறீர்களா, பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்பட்டீர்களா? சில தளங்களில் முகப்பையும் தாண்டி, தேடல் பக்கத்துக்கே போய்விடும். வேலை விவரம் தனிப் பக்கமாக இல்லாமல் மேலே மிதக்கும் சட்டமாகத் திறந்தால் இப்படி நடக்கும். அதே காரணத்தால் அந்த வேலைக்குத் தனி முகவரியும் இருக்காது. கூட்டாளிக்கு அனுப்பும் பணி அங்கேயே விழுந்துவிடும்.

மூன்றாவது, தொடர்பு. நிரப்ப வேண்டிய படிவம் மட்டும் இருந்து, மின்னஞ்சல் முகவரி எங்கும் இல்லை என்றால் குறியுங்கள். முகவரி இருந்தும் அது படமாக இருந்தால் நகலெடுக்க முடியாது. படிவம் இருந்தால் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். சோதனைக்காக அனுப்பியது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். அனுப்பிய பிறகு 'போய்ச் சேர்ந்தது' என்று ஏதாவது தெரிகிறதா? பொத்தான் சும்மா இருந்தால் ஆட்கள் மூன்று தடவை அழுத்துவார்கள்.

இன்னொரு வகை, 'முழு போர்ட்ஃபோலியோ பிடிஎஃப்' என்ற லிங்க். எத்தனை எம்பி என்று சொல்லாமல் ஒரு பெரிய கோப்பை மொபைல் டேட்டாவில் இறக்க வைப்பது மரியாதையில்லை.

5. மற்றவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்

நீங்கள் ஏற்கெனவே வழி தெரிந்தவர். அதனால் இரண்டாம் படியில் எழுதிய ஆளை ஒத்தவர்களைக் கூப்பிடுங்கள். ஸ்டூடியோ சகாக்களை வைத்துப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். அவர்கள் எந்தத் தளத்திலும் நீந்துவார்கள். கீழ்த்தளத்தில் தால்பூரி விற்பவர், மாமியார், பக்கத்து ஆபீஸ் கணக்காளர் என்று யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

எத்தனை பேர்? பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கணக்கு பலருக்கும் தெரியும்: ஐந்து பேர் போதும், பிரச்சினைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். இதைச் சொல்பவர்கள் மீதிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே நாளில் எல்லோரையும் உட்கார வைக்காமல், ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, அடுத்த ஐந்து பேரைக் கூப்பிடு என்பதுதான் அவர் வாதம். அந்த ஐந்து பேரும் ஒரே வகை ஆட்களாக இருக்க வேண்டும். ஆள் எடுப்பவர் இருவர், கடைக்காரர் இருவர், மாணவர் ஒருவர் என்று கலந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வதுதான் இந்தப் படியில் கடினம். நம் ஊர்ப் பழக்கத்தில் பெரியவர் ஒருவர் போனில் தடுமாறினால் கை தானாக நீளும். 'அக்கா, மேலே அந்த மூணு கோடு...' என்று சொல்லிவிட்டால் அந்தப் பணி போச்சு. அவர் 'இதைத் தொடலாமா?' என்று கேட்டால், 'நான் இல்லை என்றால் என்ன செய்வீங்க?' என்று திருப்பிக் கேளுங்கள். உங்களைச் சோதிக்கவில்லை, தளத்தைத்தான் சோதிக்கிறோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், 'எனக்குத்தான் தெரியல' என்று பழியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு சிரித்துவிடுவார்கள். செய்தி கிடைக்காது.

முகமும் குரலும் பதிவானால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். மொரீசியஸில் 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிடுவது நல்லது.

சிலர் இறுதியில், பயன்படுத்த எவ்வளவு எளிது என்று கேட்கும் எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைக் கொடுப்பார்கள். 1986-ல் ஜான் புரூக் உருவாக்கியது. நூறுக்கு மதிப்பு வரும், 68 சராசரியாகக் கருதப்படுகிறது. ஐந்து பேரை வைத்து அந்த எண்ணைப் பெருமையாக அறிக்கையில் போடாதீர்கள். ஒருவர் மனநிலை மாறினாலே எண் ஆடும்.

6. வேகம்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மூன்று அளவுகள் போதும். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கு 200 மில்லி விநாடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும். பக்கம் திறக்கும்போது அதில் உள்ளவை இடம் மாறித் துள்ளும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். கூகுள் வைத்திருக்கும் எல்லைகள் இவை.

குரோமில் உள்ள லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி முதலாவதையும் மூன்றாவதையும் காட்டும். இரண்டாவதை, யாராவது உண்மையில் தொட்டுப் பார்த்தால்தான் அளக்க முடியும். லைட்ஹவுஸ் பச்சை வட்டத்தைப் பார்த்துவிட்டு வேகம் சரி என்று எழுதுவது புதியவர்களின் வழக்கம்.

தளம் மெதுவாக இருந்தால் பத்தில் எட்டு முறை படங்கள்தான் காரணம் என்பது என் அனுபவம். அச்சுக்குப் போன கோப்பை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஆனால் ஒன்று: பெஹான்ஸ், ட்ரிபிள் போன்ற பொதுத் தளங்களில் இருக்கும் போர்ட்ஃபோலியோவின் மெதுவை வடிவமைப்பாளர் தலையில் கட்டாதீர்கள். அங்கே அவர் கையில் இருப்பது படத்தின் அளவும் வரிசையும் எழுத்தும் மட்டும்தான்.

7. படிக்க முடிகிறதா, தொட முடிகிறதா

போர்ட்ஃபோலியோக்களில் வெளிர் சாம்பல் எழுத்து ஒரு நோய். வெள்ளைப் பின்னணியில் #999999 நிறத்தின் ஒளி வேறுபாடு 2.85-க்கு 1. சாதாரண எழுத்துக்கு, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான டபிள்யூசிஏஜி விதித்தொகுப்பு கேட்பது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. #767676 வரை கருமையாக்கினாலே எல்லையைத் தாண்டிவிடும். வடிவமைப்பாளரிடம் இப்படி எண்ணோடு சொன்னால், 'அது என் ஸ்டைல்' என்ற பதில் வராது. எண்ணை நம்பாதவரை ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் மத்தியான வெயிலில் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

தொடும் இடங்கள் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2-ன் நடு நிலை (ஏஏ) விதி. இது குறைந்தபட்சம்தான், விரல் தடித்தவர்களுக்கு 44 இருந்தால் நிம்மதி. பக்கத்தின் அடியில் நெருக்கி வைத்த சமூக ஊடகச் சின்னங்களைத்தான் முதலில் சோதியுங்கள்.

லேப்டாப்பில் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு வேலையைத் திறந்து திரும்பி வாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும் வளையம் தெரிகிறதா? அழகைக் கெடுக்கிறது என்று பலர் அதை அழித்துவிடுகிறார்கள். அப்புறம் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்; எது எதன் மேல் ஏறுகிறது என்று குறியுங்கள். போனில் அனிமேஷன்களை நீக்கும் அமைப்பைப் போட்டுவிட்டுத் தளத்தை மீண்டும் திறங்கள். அசைவுகள் அடங்கினால், அந்த வடிவமைப்பாளர் யோசிக்கிறவர் என்று பக்கத்தில் ஒரு டிக் போடலாம்.

8. பல மொழித் தீவில் மொழிச் சோதனை

வெளிநாட்டுச் சரிபார்ப்புப் பட்டியல்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். நமக்கு அது போதாது. இங்கே அரசுத் தாள் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில், கோயில் அறிவிப்பு தமிழில்.

முதலில் மொழி மாற்றும் பொத்தான். ஒரு வேலை விவரத்தைப் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது பிரெஞ்சுக்கு மாற்றுங்கள். அதே பக்கத்தில் நிற்க வேண்டும். பல தளங்கள் முகப்புக்குத் தள்ளிவிடும். மொழிக்குக் கொடி போட்டிருந்தால் அதையும் குறியுங்கள். கொடி நாட்டைக் காட்டும், மொழியை இல்லை. கிரியோலுக்கும் தமிழுக்கும் எந்தக் கொடியைப் போடுவார்கள்?

அடுத்து பொத்தான்களின் அகலம். 'டவுன்லோடு' ஆங்கிலத்தில் 8 எழுத்து. அதன் பிரெஞ்சு 11 எழுத்து. ஆங்கிலத்தில் வரைந்து முடித்த பொத்தானில் பிரெஞ்சைத் திணித்தால் கடைசி எழுத்துகள் விளிம்பில் ஏறும், அல்லது இரண்டு வரியாகும். பிரெஞ்சின் மேல்குறி எழுத்துகள் அந்த ஃபாண்டில் இல்லாவிட்டால், ஒரே சொல்லின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் வேறு முகத்தோடு நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

தமிழ் இருக்கும் வேலைகளை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். இங்கே பாதி வடிவமைப்பாளர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்ததை ஒட்டுவார்கள். தைப்பூசக் காவடி போஸ்டரில் 'தை' என்ற முதல் எழுத்தைப் பாருங்கள். ஐகாரக் குறி தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பழைய போட்டோஷாப்பில் எழுத்தமைப்பை இந்திய மொழிகளுக்கு மாற்றாமல் ஒட்டினால், குறி தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சில சமயம் கூடவே ஒரு புள்ளி வட்டமும் முளைக்கும். 'கோயில்' என்பதிலும் கொம்பும் காலும் சிதறிக் கிடக்கும். பாமினி போன்ற பழைய ஃபாண்டில் தட்டிய உரை தளத்தில் வந்தால், அந்த ஃபாண்ட் இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். லேப்டாப்பில் சரியாக இருந்ததே என்று வாதிப்பார்கள். அவர்கள் லேப்டாப்பில் அந்த ஃபாண்ட் இருக்கிறது.

சிதறிய தமிழை அலங்காரப் பிழை என்று தள்ளாதீர்கள். எழுத்து வேலை இந்த நாட்டில் சின்ன விஷயமில்லை. 1998-ல் வந்த ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சடித்ததற்கு எதிர்ப்பு எழுந்து, மத்திய வங்கி அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தெரியாத மொழியில் வேலை செய்யும்போது தெரிந்தவரிடம் காட்டினாரா என்பது வடிவமைப்பாளரின் பொறுப்பைச் சொல்லும். அவரைக் கேளுங்கள்.

கடைசியாக, பக்கத்தின் மூலக் குறியீட்டில் மொழிக் குறி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் ஆங்கிலக் குறி இருந்தால், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பிரெஞ்சை ஆங்கில உச்சரிப்பில் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் உள்ள திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கி ஒரு பத்தி கேட்டால் போதும், சிரிப்பு வந்துவிடும்.

9. இப்போது வேலைகளைப் பாருங்கள்

இதுவரை பார்த்தது தளத்தை. அதற்குள் இருக்கும் வேலைகள் தனிக் கணக்கு. அருமையான லேபிள் செய்பவரின் தளம் மோசமாக இருக்கலாம். வாங்கிய டெம்பிளேட்டில் ஓடும் சுத்தமான தளத்துக்குள் சரக்கே இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலக்காதீர்கள். வலைத்தள வடிவமைப்புக்கு ஆள் எடுத்தால் தளத்தின் குறைகள் கனமாக விழும். ஓவியம் வரைய ஆள் தேடினால் அவ்வளவு இல்லை.

எல்லா வேலைகளையும் படிக்க வேண்டியதில்லை. அவர் முதலில் வைத்தது, கடைசியில் வைத்தது, உங்கள் ஆளுக்குத் தேவையான வகையில் ஒன்று. கடைசியில் இருப்பதுதான் அவருடைய வெட்டும் துணிவைக் காட்டும். பலவீனமானதை எடுத்தெறிய மனசில்லாதவர் அதை அங்கேதான் ஒளித்து வைப்பார்.

ஒவ்வொன்றிலும் கேளுங்கள்: வாடிக்கையாளருக்கு என்ன சிக்கல் இருந்தது? இவர் செய்தது எது, குழு செய்தது எது? எதைச் செய்து பார்த்துக் கைவிட்டார்? முடிவு உண்மையிலேயே வெளியே வந்ததா, பயிற்சிக்காகச் செய்ததா? பயிற்சி வேலை குற்றமில்லை. அதைச் சொல்லாமல் பெரிய ஹோட்டல் பெயரைப் போடுவதுதான் குற்றம். 'விற்பனை 40 சதவீதம் உயர்ந்தது' என்று இருந்தால், எதிலிருந்து எதற்கு, எவ்வளவு காலத்தில் என்று நேரில் கேட்கக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வரைந்த படங்களைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

மாதிரிப் படங்களில் மயங்காதீர்கள். மரமேசை, காபிக் கோப்பை, அதன் பக்கத்தில் விசிட்டிங் கார்டு என்ற அந்தப் படம் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து கிடைப்பது. கார்டை மட்டும் நேராகக் காட்டச் சொன்னால் எழுத்தின் தரம் தெரியும். இன்னொன்றையும் சொல்லித் தீர வேண்டும்: மொரீசியஸின் அழிந்துபோன பறவையான டோடோ. இந்தத் தீவில் ஒரு போர்ட்ஃபோலியோவில் ஒரு டோடோ லோகோ இருக்கலாம். மூன்று இருந்தால், வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் இவர் ஒரே விடையைத்தான் எழுதுகிறார் என்று பொருள்.

10. குறிப்புகளைக் கண்டுபிடிப்புகளாக மாற்றுங்கள்

அட்டவணையில் இப்போது நிறைய வரிகள் இருக்கும். இருவர் பார்த்திருந்தால் தனித்தனியாக முடித்த பிறகே சேர்ந்து உட்காருங்கள். முன்னாலேயே பேசிவிட்டால் குரல் பெரியவர் கருத்துதான் மிஞ்சும்.

ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 4 வரை தீவிரம் போடுங்கள். 0 என்றால் பிரச்சினையே இல்லை, 1 அழகு சார்ந்தது, 2 சிறியது, 3 பெரியது, 4 என்றால் சரிசெய்யாமல் வெளியிடவே கூடாது. இது நீல்சனின் அளவுகோல். எத்தனை பேருக்கு நடந்தது, நடந்தால் தாண்ட முடிந்ததா, திரும்பத் திரும்ப வருகிறதா என்ற மூன்றையும் வைத்தே எண் போடுங்கள். எரிச்சலை வைத்துப் போடாதீர்கள். பயன்பாட்டு எளிமைக்கு நீல்சன் தந்த பத்து விதிகளைச் சிலர் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை தேடி நிரப்புவார்கள். நான் அவற்றைக் கடைசியில், வகைப்படுத்த மட்டும் எடுப்பேன்.

எண்களைக் கூட்டி மொத்த மதிப்பெண் போட வேண்டாம். நாற்பது சின்னக் குறைகள் உள்ள தளம், தொடர்புப் படிவமே வேலை செய்யாத தளத்தைவிட மோசமாகத் தெரிந்துவிடும்.

எழுதும் விதம் முக்கியம். 'மெனு குழப்பமாக இருக்கிறது' என்று எழுதினால் யாராலும் திருத்த முடியாது. 'போனில், உணவக வேலையைத் தேடிய ஐவரில் மூவர் சிறுபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தனர். தலைப்புகள் மவுஸ் வந்தால் மட்டுமே தெரிகின்றன' என்று எழுதினால் திருத்தம் அதிலேயே இருக்கிறது. இடம், செயல், நடந்தது, காரணம் என்ற இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

11. வடிவமைப்பாளரிடம் சொல்வதும் மறுபடி பார்ப்பதும்

சின்னத் தீவு. இன்று நீங்கள் நிராகரித்தவர் நாளை உங்கள் வாடிக்கையாளரின் மருமகனாக வந்து நிற்பார். குறைகளைப் பொதுவெளியில் போடாமல் நேரில் அல்லது தனி மின்னஞ்சலில் சொல்லுங்கள். தீவிரம் அதிகமான மூன்றை மட்டும் முதலில் பேசுங்கள். முழுப் பட்டியலை இணைப்பாக அனுப்புங்கள். முப்பதையும் ஒரே மூச்சில் கேட்டவர், திருத்த எளிதான நிறத்தை மாற்றிவிட்டுப் படிவத்தை அப்படியே விட்டுவிடுவார்.

'தம்பி, உங்க லேபிள் வேலை நல்லா இருக்கு, ஆனா...' என்று ஆரம்பித்தால் அவர் காதில் 'ஆனா' மட்டும்தான் விழும். திரைப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். படம் ஒப்புதலோடு எடுத்ததாகவும் முகம் தெரியாததாகவும் இருக்கட்டும். தான் வரைந்த சிறுபடங்களின் மேல் ஒரு விரல் முப்பது விநாடி அலைவதைப் பார்த்த யாரும் வாதாடியதில்லை. தீர்வை நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். அது அவர் வேலை. வேலைக்கு எடுக்கும் நேர்காணல் என்றால், அவர் சொல்லும் தீர்வுதான் உங்களுக்கு வேண்டிய மிச்சத் தகவல்.

திருத்திய தளம் வந்ததும் அதே பணித் தாள், அதே போன், அதே மொபைல் டேட்டா. ஆட்கள் மட்டும் புதியவர்கள். பழையவர்களுக்கு வழி பழகிப்போயிருக்கும். ஒரு திருத்தம் இன்னொரு இடத்தைக் கெடுப்பது வழக்கம்: சிறுபடங்களுக்குத் தலைப்பு வந்ததும் பிரெஞ்சில் அது இரண்டு வரியாகிப் படத்தை மூடும். அதனால் முன்பு சரியாக இருந்த பணிகளையும் மறுபடி ஓட்டுங்கள், புதிதாக வந்த குறைகளை அட்டவணையில் தனி நிறத்தில் எழுதுங்கள்.